கொங்காணியில் பூண்டு வாடை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு இப்போதெல்லாம் காலில்தான் போய் முடிகிறது. ஒருவருக்குப் பாதம் மரத்துப்போகிறது. செருப்பு கழன்றது தெரியாமலே பத்தடி நடந்துவிடுகிறார். இன்னொருத்திக்கு உள்ளங்காலில் எறும்பு ஊர்கிறது, குனிந்து பார்த்தால் எறும்பு இல்லை. எல்லோர் பையிலும் நரம்புக்கென்று ஒரு சிவப்பு மாத்திரை. போன வாரம் போடி பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் ஒருவர் என்னிடம், "நீங்கதான் நரம்பெல்லாம் பாடம் நடத்துனவங்களாச்சே டீச்சர், இது எதுக்கு இப்பிடிப் பண்ணுது?" என்று கேட்டார். சர்க்கரையைக் குறையுங்கள் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். பதில் தெரியாமல் இல்லை. நரம்பைப் பற்றி வாயைத் திறந்தால் ஒரு சாக்கைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும், அதற்கு அந்த பெஞ்சு போதாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் சந்தேகக்காரி. கடைக்காரர் தராசில் விரல் வைக்கிறாரா என்று பார்ப்பேன். பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். மருமகள் காப்பி கொண்டுவந்து தந்தால் வாயில் வைப்பதற்கு முன்னால் ஒரு தடவை முகர்ந்துவிடுவேன். மாமியார் காப்பி மணத்தை ரசிக்கிறார் என்று அந்தப் பெண் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நினைத்துக்கொள்ளட்டும். இந்தக் குணம் எனக்கு எந்த வருஷம், எந்த மாதம் ஒட்டிக்கொண்டது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

அப்போது எனக்குப் பத்து வயது. அம்மா இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அப்பா ராசிங்காபுரத்திலிருந்து இன்னொரு பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து ஒரு வருஷம். சித்தி என்று கூப்பிடச் சொன்னார்கள், கூப்பிட்டேன். போடியில் மலைக்குப் போகிற ரோட்டோரம் எங்கள் வீடு. அடுத்த வீட்டில் அத்தை, அப்பாவின் அக்கா. அத்தையின் வீட்டுக்காரர், என் மாமா, மலையில் ஓர் ஏலத்தோட்டத்தில் மேஸ்திரி. யார் களை வெட்டுவது, யார் பூச்சிமருந்து அடிப்பது என்று ஆள் பிரித்துவிடுகிறவர் அவர்தான். அப்பாவை மருந்தடிக்கப் போட்டதும் அவர்தான். அந்த வேலைக்குக் கூலி கொஞ்சம் கூட. மச்சான் தனக்கு நல்லது செய்துவிட்டார் என்று அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏலச்செடி ஆளைவிட உயரம். கீழே தண்டோரம் அடித்தால் போதாது, தலைக்கு மேலே இருக்கும் இலைக்கும் அடிக்க வேண்டும். அடித்தது இலையில் பட்டுத் திரும்ப அடிக்கிறவர் தலையிலேயே சொட்டும். ஒருவர் பம்பை இழுப்பார், ஒருவர் மருந்து பீய்ச்சும் கோலைப் பிடிப்பார். அப்பா கோல் பிடிக்கிறவர். அவருக்கு இருந்த ஒரே மறைப்பு ஒரு கொங்காணி. உங்களில் மலைப் பக்கம் போய்வந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். சணல் சாக்கின் அடியில் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் திணித்துவிட்டால் தலையில் கவிழ்த்துக்கொள்ளலாம், மிச்சம் முதுகு வரைக்கும் தொங்கும். மழைக்கும் அதுதான், பனிக்கும் அதுதான். அப்பாவுடையது ஒரு நீலக் கோடு போட்ட சாக்கு. அதில் எப்போதும் பூண்டு வாடை அடிக்கும். அப்பா வந்துவிட்டார் என்பதை நான் அந்த வாடையை வைத்துத்தான் தெரிந்துகொள்வேன்.

அப்பா திங்கட்கிழமை மலை ஏறினால் வாரம் முழுக்க அங்கேயே கூலியாட்கள் தங்கும் லயத்தில் இருந்துவிட்டு சனிக்கிழமைதான் இறங்குவார். மருந்தடிப்பதும் சனிக்கிழமை காலையில்தான். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் ஆள் நடமாட்டம் இருக்காது, திங்கட்கிழமை பெண்கள் காய் எடுக்க இறங்குவதற்குள் இலை காய்ந்திருக்கும் என்பது கணக்கு. மத்தியானம் பம்பைக் கழுவி வைத்துவிட்டு எல்லோரும் ஜீப்பில் ஏறுவார்கள். மலை உச்சியில், போடிமெட்டில், குளிர் எலும்பு வரைக்கும் போகும். அப்பா அந்த நனைந்த கொங்காணியையே இழுத்துப் போர்த்திக்கொண்டு, அத்தனை கொண்டை ஊசி வளைவும் இறங்கி வருவார். பொழுது சாயும் நேரத்துக்கு வீடு வந்து, போர்த்திய சாக்கோடு அடுப்பு முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

"குளிச்சுட்டு உக்காருங்களேன். வெந்நி போட்டு வச்சிருக்கேன்" என்பாள் சித்தி.

"பசி உசுரு போகுது. வெரசா சோத்தக் கொண்டா."

சாப்பிடுவார். அதற்கப்புறம் ஆரம்பிக்கும்.

முதலில் வாயில் எச்சில் ஊறும். துப்பித் துப்பி முடியாமல் துண்டை வாயோரம் வைத்துக்கொள்வார். பிறகு வாந்தி. குளிருகிறது என்று சொல்லிக்கொண்டே உடம்பு முழுக்க வேர்க்கும். கண் இமையும் கெண்டைக்கால் சதையும் அவர் சொல்லாமலே துடிக்கும்; நான் கையை வைத்து அமுக்கிப் பிடித்தாலும் என் கைக்குக் கீழே துடித்துக்கொண்டிருக்கும். "ஆத்தா, வெளக்கத் தூண்டி விடு, ஒண்ணும் தெரியல" என்பார். விளக்கு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருக்கும். கிட்டப் போய் அவர் கண்ணைப் பார்த்தால் கருமணி கடுகுக்கு மேல் இல்லை. எனக்குப் பயமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெளிந்துவிடுவார். திங்கட்கிழமை காலையில் மறுபடி ஜீப்பு.

ஆவணி, புரட்டாசி இரண்டு மாதமும் ஒரு சனிக்கிழமை தப்பவில்லை. மலையில் உடம்பு எப்படி என்று யாராவது கேட்டால், "அங்க எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்பார் அப்பா. மருந்தடிக்கிறவன் தலை சுற்றுகிறது என்று சொன்னால் அடுத்த வாரம் கோல் வேறு கைக்குப் போய்விடும்.

அத்தைக்கு இது போதுமானதாக இருந்தது. "ஆறு நாளு மலையில கல்லாட்டம் இருக்கான். இவ கையால ஒரு வேள திங்கிறான், சுருண்டு விழுந்துர்றான். பூண்டு வாட வேற குப்புனு அடிக்கிது பாரு. இது ஏதோ வேரு. இடிச்சுப் போடுறா" என்றாள். அம்மா இல்லாத பெண் என்று என்னைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டு, "நீதான் ஆத்தா கண்ணு வச்சிருக்கணும். அவ என்ன எடுக்குறா, என்ன போடுறா, எல்லாத்தையும் வந்து எங்கிட்டச் சொல்லு" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதுவரைக்கும் என்னிடம் யாரும் எந்தச் சோலியும் ஒப்படைத்ததில்லை.

கண் வைத்தேன். வைத்த கண்ணுக்கு வேண்டியதெல்லாம் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சித்தி கொங்காணியை ஒரு குச்சியில் மாட்டி எடுத்துக்கொண்டு தனியாக வாய்க்காலுக்குப் போவாள். நான் பின்னாலேயே போவேன். "கிட்ட வராத. அங்கிட்டே நில்லு" என்று விரட்டுவாள். எதற்கு விரட்ட வேண்டும்? சாக்கைக் கல்லில் அடித்து அலசி, திருப்பிப் போட்டு மறுபடி அலசுவாள். திரும்பி வரும்போது அவள் கை நடுங்கும். மூக்கும் கண்ணும் ஒழுகும். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டே இருப்பாள். நெற்றியெல்லாம் வேர்வை. வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள், யார் முகத்தையும் பார்க்கமாட்டாள். தப்புச் செய்கிறவர்களுக்குக் கை நடுங்கும் என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். போய்ச் சொன்னேன்.

இன்னொன்றும் பார்த்தேன். சனிக்கிழமை சாயந்திரம் அப்பாவுக்குக் கருப்பட்டிக் காப்பி ஆற்றும்போது, முந்தானை முடிச்சை அவிழ்த்து அதிலிருந்து ஒரு சிட்டிகைப் பொடி எடுத்துப் போட்டாள். என்னைப் பார்த்ததும் முடிச்சை வெடுக்கென்று இறுக்கினாள். அதையும் போய்ச் சொன்னேன்.

அத்தை மறுநாளே அப்பாவை வசியம் எடுக்கிற ஒரு பெண்ணிடம் கூட்டிக்கொண்டு போனாள். இதெல்லாம் உங்கள் ஊரிலும் இருந்திருக்கும், இல்லையென்று தலையாட்டாதீர்கள். பெண்டாட்டி சோற்றில் எதையோ வைத்துவிட்டாள் என்றால் அதை வயிற்றிலிருந்து உறிஞ்சி எடுத்துத் தருவார்கள். நானும் போயிருந்தேன். அந்த அம்மாள் அப்பாவைப் படுக்கவைத்து, தொப்புளில் வாயை வைத்து உறிஞ்சி, உள்ளங்கையில் துப்பிக் காட்டினாள். கறுப்பாக ஓர் உருண்டை, அதில் இரண்டு நீள முடி. "பொம்பள வச்சதுதேன். நல்லவேள, வெரசாக் கொண்டாந்தீக" என்றாள். அன்று மத்தியானம் அப்பா தெளிந்துவிட்டார். அவர் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் மத்தியானம்தான் தெளிவார். அதை நினைத்துப் பார்க்க அங்கே ஒருவரும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை மறுபடி சுருண்டார். மறுபடியும் வைத்துவிட்டாள் என்று ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் முற்றத்தில் கூடினார்கள். கூட்டம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை: அத்தை, மாமா, தூணில் சாய்ந்தபடி அப்பா, நடுவில் சித்தி. அத்தை என் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள்.

"என்ன பாத்தன்னு சொல்லு ஆத்தா. பயப்படாத."

"சித்தி முந்தானை முடிச்சுலருந்து பொடி எடுத்து அப்பா காப்பியில போட்டாங்க. நான் பாத்ததும் ஒளிச்சுட்டாங்க. கை நடுங்குச்சு. வேர்த்துச்சு."

நான் சொன்னதில் ஒரு சொல் பொய் இல்லை. இன்றைக்குக் கோர்ட்டில் ஏற்றி விசாரித்தாலும் அதையேதான் சொல்லுவேன். அதுதான் என்னைத் தின்கிறது.

"முடிச்ச அவுரு" என்றாள் அத்தை.

சித்தி அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார். சித்தி மாமாவைப் பார்த்தாள். மாமா, "தப்பு இல்லேன்னா அவுத்துக் காட்டிற வேண்டியதுதானேம்மா?" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார். சித்தி முடிச்சை அவிழ்த்தாள். அத்தை கையை நீட்டுவதற்குள் உள்ளே இருந்ததை அப்படியே வாயில் கொட்டிக்கொண்டு விழுங்கிவிட்டாள். விழுங்கியது தொண்டையில் இறங்கியதை நான் பார்த்தேன். அவளுக்கு ஏதாவது ஆகும் என்று எல்லோரும் காத்திருந்தோம். ஒன்றும் ஆகவில்லை. "வச்சவள வச்சது ஒண்ணும் செய்யாதுல்ல" என்றாள் அத்தை, கொஞ்ச நேரம் கழித்து.

"கொஞ்ச நாளு உங்க வீட்டுல இரு" என்று மட்டும், அதுவும் தரையைப் பார்த்து, கடைசியில் அப்பா சொன்னார்.

சாயந்திர பஸ்சுக்கு சித்தி ஒரு துணிப்பையோடு கிளம்பினாள். அழுதாளா என்று கேட்காதீர்கள். அன்று காலையும் அவள் சாக்கு அலசியிருந்தாள், கண் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. வாசலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். நான் இரண்டடி தள்ளியே நின்றேன்.

"அந்தக் கொங்காணிய மட்டும் வாரா வாரம் அலசிப் போட்டுரு ஆத்தா. கையில தொடாத. குச்சியில மாட்டி ஓடுற தண்ணில போட்டு மிதி, பெறகு கால நல்லாக் கழுவிக்க. மறந்துறாத, என்ன?"

நான் தலையாட்டினேன். அவள் பஸ் ஏறிய கையோடு ஓடிப்போய் அத்தையிடம் சொன்னேன். "தொட்டுராதடி அத. என்னத்தக் கட்டி வச்சிருக்காளோ" என்றாள் அத்தை. அந்தச் சாக்கு சுவர் ஆணியில் தொங்கியது. யாரும் அலசவில்லை.

ஐப்பசி பிறந்ததும் மலையில் மழை கொட்டியது. மழையில் மருந்தடிக்கமாட்டார்கள், அடித்தால் கழுவிக்கொண்டு போய்விடும். அப்பாவுக்கு மூன்று மாதம் ஒரு வாந்தி இல்லை, ஒரு வேர்வை இல்லை. நன்றாகச் சாப்பிட்டார், கன்னம் கூடக் கொஞ்சம் தேறியது. அவள் போனாள், நோயும் போனது என்று தெருவே பேசியது. கண்டுபிடித்துக் கொடுத்தவள் என்று அத்தை எனக்கு ஒரு ஜோடி ரிப்பன் வாங்கித் தந்தாள். சிவப்பு ரிப்பன். அதைக் கட்டிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனேன்.

தையில் மழை விட்டு மருந்தடிப்பு மறுபடி தொடங்கியது. முதல் சனிக்கிழமையே அப்பா சுருண்டார். ராசிங்காபுரத்திலிருந்தே அனுப்புகிறாள் என்றாள் அத்தை. கொங்காணி இப்போது விறைத்துப்போய், மடிக்காமலே தலையில் நிற்கும் அளவுக்கு ஆகியிருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் பழையதன் மேலேயே புதியது இறங்கிக்கொண்டிருந்தது. மாசியில் ஒரு சனிக்கிழமை ஜீப்பு எங்கள் வாசலில் நின்றது, எல்லோரும் இறங்கினார்கள், அப்பா இறங்கவில்லை. போர்த்தியபடியே மூலையில் உட்கார்ந்திருந்தார். "மெட்டுல பேசிட்டுத்தான் வந்தாரு. மூச்சு முட்டுதுன்னாரு. பெறகு தூங்கிட்டாருன்னு நெனச்சோம்" என்றார் டிரைவர். வாயோரத்தில் நுரை இருந்தது. நெஞ்சடைப்பு என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். சித்திக்குச் சொல்லியனுப்பவில்லை. கொங்காணி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. யாரோ நல்ல சாக்கு என்று எடுத்துப்போயிருப்பார்கள். எடுத்தவர் யாரோ, அவருக்கு என்ன ஆயிற்றோ என்று இப்போதும் சில சமயம் நினைப்பேன்.

பிறகு நான் படித்தேன், விலங்கியல் டீச்சர் ஆனேன். நரம்பு மண்டலம் எனக்குப் பிடித்த பாடம். கரும்பலகையில் நியூரானை ஒரே இழுப்பில் வரைவேன். நடுவில் சைட்டான் என்கிற செல் உடலம், அதற்குள் உட்கரு. சுற்றிலும் கிளைகிளையாக டெண்ட்ரைட், சேதி வாங்குவதற்கு. ஒரு பக்கம் நீளமாக ஆக்ஸான், சேதியைக் கொண்டுபோவதற்கு. அதன் மேல் மயலின் உறை. கடைசியில் சின்னச் சின்னக் குமிழ்கள். அங்கே வந்ததும் சாக்பீஸை நிறுத்தி ஒரு துளி இடம் விட்டுத்தான் அடுத்த செல்லை வரைவேன். "ரெண்டும் தொட்டுக்காது. நடுவுல இருக்கிற இந்த இடைவெளிதான் சினாப்ஸ்" என்பேன். மின்சாரமாக ஓடி வந்த சேதி அந்த இடைவெளியைத் தாண்ட முடியாது. அதற்காகக் குமிழிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளியே வரும், அக்கரையைத் தொடும், சதை சுருங்கும். தொட்டு முடித்ததை உடனே ஒரு நொதி உடைத்துத் துடைத்துவிடும். துடைத்தால்தான் அடுத்த சேதிக்கு இடம். வருஷா வருஷம் இதைச் சொன்னேன். பரீட்சைத் தாளில் இதற்கு ஐந்து மதிப்பெண் போட்டேன். ஒரு தடவைகூட என் வீட்டு அடுப்படி எனக்கு ஞாபகம் வந்ததில்லை.

ரிட்டயர் ஆவதற்கு முந்தின வருஷம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "டீச்சர், அந்த நொதி துடைக்காம விட்டுட்டா?"

நல்ல கேள்வி என்று பாராட்டிவிட்டு, படித்துவைத்திருந்ததை ஒப்பிக்க ஆரம்பித்தேன். சில பூச்சிமருந்துகள் அந்த நொதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பூச்சியைக் கொல்வதே அப்படித்தான். மனுஷன் தோல் வழியாகவும் இறங்கும். சேதி நிற்காமல் அடித்துக்கொண்டே இருக்கும். சதை துடிக்கும், எச்சில் ஊறும், வேர்க்கும், வாந்தி வரும், கண்மணி குண்டூசி முனைக்குச் சுருங்கும், சில மருந்துக்கு உடம்பிலேயே பூண்டு வாடை... சாக்பீஸை மேஜையில் வைத்தேன். தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனேன். அன்று திரும்ப அந்த வகுப்புக்குப் போகவில்லை.

வராந்தாவில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். சனிக்கிழமை காலை அடித்து, ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு மலை இறங்கினால், வீட்டுக்கு வந்து சாப்பிடுகிற நேரத்துக்குத்தான் அது வேலையைக் காட்டும். மலையில் காட்டாது. சித்தியின் கை நடுங்கியதும், கண் ஒழுகியதும், வேர்த்ததும் வேறொன்றும் இல்லை. அந்தச் சாக்கை அலசியவள் அவள். அப்பாவிடமிருந்து ஒவ்வொரு வாரமும் ஒரு பங்கை அவள் தன் உடம்பில் வாங்கிக்கொண்டிருந்தாள். நான் அதைக் குற்றம் என்று போய்ச் சொன்னேன்.

இன்னொன்றும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. மாமா சனிக்கிழமை மலையிலிருந்து வந்தால் வாசலிலேயே சட்டை வேட்டியைக் கழற்றிப் போட்டு, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைவார். புரட்டாசிச் சனி, பெருமாள் பக்தி என்று அத்தை பெருமையடிப்பாள். புரட்டாசி முடிந்த பிறகும் அந்தக் குளியல் நடந்தது. மருந்தடிக்கிறவர்கள் வரும் ஜீப்பில் அவர் ஒரு நாளும் ஏறியதில்லை, முன்னால் போகும் வண்டியில்தான் வருவார். அவருக்குத் தெரியுமா? எவ்வளவு தெரியும்? அத்தைக்கு? மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். அத்தை படுக்கையில் இருந்தபோது கேட்டேன். "எனக்கென்னடி தெரியும், நான் என்ன டாக்டரா?" என்று போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். நம்புவதா வேண்டாமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவு தெரிந்தும் ராசிங்காபுரம் போக எனக்கு நாலு வருஷம் ஆயிற்று. போடியிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். போன தையில்தான் போனேன்.

சித்தி தம்பி வீட்டில் இருந்தாள். வற்றிப்போய், ஆனால் நிமிர்ந்துதான் இருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை, எல்லோரும் காட்டுக்குப் போயிருந்தார்கள். நான் இன்னார் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. "வா ஆத்தா. உக்காரு" என்றாள், நேற்றுத்தான் பார்த்தவள்போல.

நான் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நியூரானை வரைந்தேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நரம்பு ஒரே கயிறு இல்லை, துண்டு துண்டு, நடுவில் சந்து, சந்தைத் துடைக்க ஓர் ஆள், அந்த ஆளின் கையைப் பூச்சிமருந்து கட்டிப்போட்டுவிடும் என்று சொன்னேன். அவள் படத்தைப் பார்க்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப சாக்குத்தானா?"

"சாக்குத்தான் சித்தி."

"எனக்கு அப்பயே ஒரு சந்தேகம். அலசுற அன்னைக்கெல்லாம் கண்ண இருட்டிக்கிட்டு வரும். யாருகிட்டச் சொல்ல? ஒங்க மாமாகிட்டயா?"

"முடிச்சுல இருந்த பொடி என்னது?"

சித்தி கொஞ்சம் சிரித்தாள். "ஏலக்கா. ஒங்கப்பா கொங்காணி மடிப்புல நாலு காய ஒளிச்சுக் கொண்டாருவாரு. கொமட்டலுக்கு நல்லதுன்னு நுணுக்கி வச்சிருந்தேன். மேஸ்திரி முன்னாடியே நிக்கிறாரு, எப்பிடி அவுத்துக் காட்ட? ஒத்தக் காயி கையில இருந்தாலே சோலியவிட்டு வெரட்டிருவாகள்ல."

போடியில் ஏலக்காய் வாடையை யாரும் வாடையாகவே எடுத்துக்கொள்வதில்லை. அன்று முற்றத்தில் அது அடித்திருக்கும். ஒருவர் மூக்குக்கும் எட்டவில்லை.

"அப்பாவுக்குத் தெரியும்தானே?"

"அவரு கொண்டாந்ததுதான ஆத்தா" என்றாள் சித்தி.

பிறகு தன் இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு கேட்டாள்: "அப்ப எங்கை நடுங்குனதும் அதேதானா?"

"அதேதான் சித்தி."

"நெசமா?"

"சத்தியமா."

"நானு என்னமோ எங்கையிலதான் கேடு இருக்குன்னு நெனச்சுட்டேன். எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே நாந்தான்னு ஆயிருச்சு. அன்னையிலருந்து ஒருத்தருக்கும் சோறு ஆக்குனதில்ல. தண்ணி சொமப்பேன், வெறகு ஒடைப்பேன். அடுப்புப் பக்கம் மட்டும் போறதில்ல."

ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. நான் அழுதேன். மன்னித்துவிடு என்று கேட்கத்தான் போயிருந்தேன், அந்தச் சொல் வரவில்லை. சித்தி என்னை அழவிட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள். அடுப்புப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது. பாத்திரம் எங்கே இருக்கிறது என்று அவள் தேடுவது கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு டம்ளரில் கருப்பட்டிக் காப்பியோடு வந்து என் கையில் கொடுத்தாள். அவள் கை நடுங்கவில்லை.

நான் டம்ளரை மூக்குக்குக் கொண்டுபோய் முகர்ந்தேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாகப் போயிற்று. செய்த பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரிந்தது. நிமிர்ந்தேன். சித்தி பார்த்துக்கொண்டிருந்தாள்.

டம்ளரை என் கையிலிருந்து வாங்கி ஒரு வாய் குடித்தாள். அது தொண்டையில் இறங்குவது எனக்குத் தெரியும்படி முகத்தைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். பிறகு விளிம்பை முந்தானையால் துடைத்துத் திரும்ப என்னிடம் நீட்டினாள்.

"இப்பக் குடி ஆத்தா" என்றாள்.

குடித்தேன். ஏலக்காய் போட்டிருந்தாள்.